பெட்டியில் வராத பெயர்

போன மாதம், அகதி விடுதியில் ஒன்றாக இருந்த எங்கள் ஹைம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடும் பெட்டிகளை ஜெர்மனியில் முதன்முதலில் செய்து பார்த்தவர்களில் ஒருவர் காலமாகி ஒரு வருடம் ஆகிறதாம், கார்ல்ஸ்ரூஹேயில் அவருக்கு ஒரு நினைவுக் கண்காட்சி வைக்கிறார்களாம். படத்தைப் பார்த்ததுமே உங்களுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. "எடியே, உன்ர கள்ளத் தாத்தா!" என்று ஒருத்தி எழுதினாள். கீழே வரிசையாகச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஐம்பதைத் தாண்டிய கிழடுகள், பத்து வயதுப் பிள்ளைகள் மாதிரி.

இனி எனக்குச் சிரிக்க ஏலாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக எழுதுகிறாள் என்று பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஹைமை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர், அதில் மூடிப்போன ஒரு பழைய விடுதி. அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டு வந்த ஆறு தமிழ்க் குடும்பங்களை அதற்குள் போட்டிருந்தார்கள். சாவிகளில் இன்னும் பித்தளை எண்கள் தொங்கின. நாங்கள் ஏழாம் எண். குசினி ஒன்று, அடுப்பு இரண்டு, பானை ஆறு. கிழமைக்கு இரண்டு தரம் சாப்பாட்டுப் பொதி வரும். கறுத்தப் பாண், தகரத்தில் அடைத்த இறைச்சி, கோதுமை மா. அரிசி மட்டும் வராது. மாவை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாமார் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள்.

அந்த மாவைக் களவெடுத்துத்தான் நாங்கள் பின்முற்றத்தில் கிளித்தட்டுக்குக் கோடு போட்டோம். மழை பெய்தால் கோடு களியாகிவிடும். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் வாளியோடு வந்து, டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், உள்ள தூசணம் எல்லாம் சொல்லிக் கழுவுவார். அடுத்த நாள் திரும்பவும் போடுவோம். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டுத் தெரியாது, அவர்களும் வாசிக்கட்டும் என்று சொல்கிறேன். ஏணி மாதிரி நிலத்தில் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் காவல். காவல்காரர் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. மற்றக் கட்சி, தொடுபடாமல் கோடு கோடாகத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். போகும்போது காய், திரும்பும்போது பழம். ஒருவர் திரும்பி வந்து சேர்ந்தால் ஹைமே அதிர "பழம்!" என்று கத்துவோம்.

முற்றத்துக்குப் பின்னால், தெருவுக்கு அந்தப் பக்கம் ஓர் உயரமான வீடு இருந்தது. அதன் மேல்மாடி யன்னலில் ஒரு கிழவர் நின்று எங்களைப் பார்ப்பார். கையில் கொப்பி வேறு. "அசூல் ஒபிசுக்கு எழுதிக் குடுக்கிறார்," என்று எங்களில் மூத்தவன் சொன்னான். நாங்களும் நம்பினோம். ஒரு நாள் அவர் கொப்பியோடு கீழே இறங்கி முற்றத்துக்குள் வந்ததும் நீங்கள் எல்லாரும் விழுந்தடித்து ஓடினீர்கள். நான் மட்டும் நின்றேன். துணிச்சலால் இல்லை. டொச் கதைக்கிறவள் நான் ஒருத்திதான். டொக்டரிடம் உங்கள் அம்மாமாரின் வயிற்றுக் குத்தைச் சொன்னவளும் நான்தான். எவர் வந்தாலும் நான் நிற்க வேண்டும் என்பது ஹைமில் எழுதாத சட்டம்.

அவர் கொப்பியைக் காட்டினார். எங்கள் மாக்கோடுகளை மேலிருந்து பார்த்து அப்படியே வரைந்திருந்தார். கோடுகளில் கட்டைகள், இடையில் புள்ளிகள். கட்டைகள் காவல்காரர், புள்ளிகள் ஓடுகிறவர்கள்.

"மூன்று கிழமையாகப் பார்க்கிறேன்," என்றார். "ஒன்று மட்டும் விளங்கவில்லை. திரும்பி வரும்போது என்ன சொல்லிக் கத்துகிறீர்கள்?"

"பழம்," என்றேன்.

"ஏன் பழம்?"

"போகும்போது காய்தானே!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படித்தான் தொடங்கியது.

அதன்பிறகு புதன்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அவருடைய நிலவறைக்குப் போவேன். முதல் இரண்டு முறையும் அம்மா கூட வந்தார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு ஒரு கதிரையை அம்மாவுக்குக் கொடுத்தார் அவர். நிலவறையில் ஒரு பக்கம் உருளைக்கிழங்கும் ஆப்பிளும். மறுபக்கம் முழுவதும் வயர்கள். ஈயம் உருகும் மணமும் ஆப்பிள் மணமும் சேர்ந்து வரும். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்று இருந்தது. போட்டால் முதலில் தூசி கருகும், பிறகு காதைக் குடையும் ஒரு மெல்லிய சத்தம், அதற்கும் பிறகுதான் வெளிச்சம் வரும். அம்மா உறைப்பாகப் பொரித்துக் கொண்டுபோன ரோல்ஸை அவர் கத்தி, முள்ளுக்கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டார். மூக்கும் கண்ணும் ஒழுகின. "அருமை, அருமை," என்றார். அடுத்த முறை அம்மா மிளகாயைக் குறைக்கவே இல்லை. "மனுசன் பழகட்டும்," என்றார். மூன்றாம் கிழமை என்னைத் தனியே அனுப்பினார். அவரை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

எனக்கு அவர் தாத்தா, அவருக்கு நான் ஆசிரியர் மாதிரி. எங்கள் கிளித்தட்டை வைத்து மனுசன் முதலில் செய்த தொலைக்காட்சி ஆட்டத்தில் காவல்கட்டைகள் மேலும் கீழும் கூட ஓடின. நான் காலை உதைத்தேன். "கோட்டை விட்டு வந்தால் அளாப்பி!" என்று தமிழில் கத்தி, பிறகு அது கள்ள ஆட்டம் என்று டொச்சில் விளங்கப்படுத்தினேன். அவர் பெட்டியைக் கழற்றி, ஈயத்தை உருக்கி, வயரை மாற்றினார். அடுத்த கிழமை கட்டைகள் கோட்டிலேயே நின்றன. புள்ளி மறுகரைக்குப் போனதும் மினுங்கத் தொடங்கியது. "பழம்," என்றார், தன் வாய்க்கு வந்த மாதிரி. எங்கள் பின்முற்றம், நாங்கள் கத்துகிற கத்து, எல்லாம் தொலைக்காட்சிக்குள்!

ஒரு நாள் தட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். இரண்டு குமிழ்கள், அவ்வளவுதான். அவர் செய்த முதல் பெட்டி. தொலைக்காட்சிக் கம்பனியில் வேலை செய்த காலத்தில், ஓய்ந்த நேரத்தில் செய்ததாம். "தொலைக்காட்சி பார்ப்பதற்கு, விளையாடுவதற்கு இல்லை என்று மேலதிகாரி சிரித்தார். இரண்டு வருடம் கழித்து அவரே இதை விற்றார். என் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்," என்றார். நான் திருப்பித் திருப்பித் தேடினேன். அடியில் கம்பனியின் பெயர் மட்டும் இருந்தது.

"இல்லை," என்றேன்.

"இல்லைதானே. உன் ஆட்டத்தில் அப்படி நடக்காது. ஒரு சின்னக் கம்பனி இதை விற்க ஒத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியில் இரண்டு பெயர் வரும். என்னுடையது ஒன்று, உன்னுடையது ஒன்று."

உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் என் பெயர் பட்ட பாடு. ஆசிரியை வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது என் பெயர் வந்ததும் பெருமூச்சு விடுவார். பாதியில் நிறுத்திவிட்டு விரலால் காட்டுவார். வகுப்பே சிரிக்கும். அந்தப் பெயர் கடையில், பெட்டியில், அச்சில் வரப்போகிறது. நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று வகுப்புக்கே சொன்னேன். கிறிஸ்மஸுக்குக் கடைக்குப் போய்ப் பாருங்கள் என்றேன். உங்களுக்கும் சொன்னேன். நீங்கள் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடினீர்கள்.

இலையுதிர் காலத்தில் தாத்தா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஹைமுக்கு வந்தார். கையில் கம்பனியின் தாள். சின்னப் பிள்ளையின் பெயரைப் போடுவதென்றால் தகப்பன் ஒப்பமிட வேண்டும், அவ்வளவுதான். அப்பா தாளை இரண்டு கையாலும் வாங்கி, "யா, யா, டங்க," என்றார். அவர் போனதும் அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசில் வைத்துப் பூட்டினார்.

அப்பாமாரின் பயம் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. அசூல் முடிவு வராதவர்கள் வேலை செய்யக் கூடாது. பக்கத்து ஊரில் ஒருவர் உணவகத்தில் கோப்பை கழுவிப் பிடிபட்டு, அதனால் கேஸ் தள்ளுபட்டது என்று ஒரு கதை குசினியில் சுற்றிக்கொண்டே இருந்தது. உண்மையோ பொய்யோ, யாருக்கும் தெரியாது. தபால்காரர் வந்தாலே பெரியவர்களின் முகம் வெளிறிவிடும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து அந்த மொழிபெயர்ப்பு அண்ணை வந்தார், எல்லாருடைய கடிதங்களையும் டொச்சில் எழுதிக் கொடுப்பவர். ஆறு அப்பாமாரும் அவரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். அம்மாமாருக்கே இடமில்லை. எங்களிடம் ஒரு பெரிய சொக்கிளேட் பிஸ்கட் பக்கற்றைத் தந்து, "போய் முத்தத்திலை விளையாடுங்கோ," என்றார்கள். வெளியே மழை. மழைக்குள் போய் விளையாடு என்று எந்தத் தமிழ் அப்பா சொல்லுவார்? ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையே! சுவரோடு ஒட்டி நின்று பிஸ்கட்டைத் தின்று முடித்தோம்.

புதன்கிழமை நான் புறப்பட அப்பா மறித்தார். "இனி அங்கை போகவேண்டாம். அவருக்குச் சுகமில்லையாம்."

நான் ஒரு வாழ்த்துமட்டை வரைந்து அவருடைய தபால்பெட்டியில் போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் யன்னலில் அவர் நிற்கிறார். கையைக் காட்டினேன். அவர் திரையை இழுத்து மூடிக்கொண்டார். என்ன நோய் என்று தெரியவில்லையே என்று நான் அழுதேன்.

முதல் பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை. விளையாட்டுக் கடையில் பெட்டி வந்துவிட்டது என்று ஓடினோம். நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். மட்டைப்பெட்டியில் ஏணிக்கோடு, ஒரு வெள்ளைப் புள்ளி. கடைக்காரப் பெண்மணி நல்லவர், கையில் எடுத்துப் பார்க்க விட்டார். ஆறு பக்கமும் தேடினோம். அவருடைய பெயர் மட்டும் இருந்தது.

"உன்ர பேர் எங்கையடி?" என்று கேட்டீர்கள்.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயோடு அங்கே நின்றாள். அவளும் கேட்டாள். திங்கட்கிழமை முழு வகுப்பும் கேட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தை விடும் வரை நான் அவர்களுக்குப் பொய்க்காரி.

கடையிலிருந்து நேரே அவர் வீட்டுக்கு முன்னால் போனோம். பதினான்கு பிள்ளைகள் பனிக்குள் நின்று, தெரு முழுக்கக் கேட்கட்டும் என்று டொச்சிலும் தமிழிலும் கத்தினோம். கள்ளன், கள்ளன், கள்ளத் தாத்தா. தொடங்கியவள் நான். யன்னல் திறந்தது. அவர் எங்களைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல்லாமல் மூடினார். ஏழாம் எண் அறை யன்னலில் அப்பா நின்றார். அவர் தடுக்கவில்லை. அம்மாதான் வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடிவந்து, என் பின்னலைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். "அந்த மனுசனைக் கள்ளன் எண்டு சொல்லாதை! சொல்லாதையடி!" என்று கத்தி, தெருவிலேயே அழுதார். பொலிசுக்குப் பயந்து அழுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் எல்லாருக்கும் விசா கிடைத்தது. ஹைம் கலைந்தது. கணக்கில் நான் கெட்டிக்காரி என்று கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கமே போகமாட்டேன் என்று அடம்பிடித்து மருந்துக்கடையில் வேலை பழகினேன். இன்றைக்கும் வெள்ளைக்காரர் யாராவது அன்பாக ஒன்று தருகிறேன் என்றால், என்னத்தைத் தூக்கப் போகிறாரோ என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கிழவர் எனக்குச் செய்த துரோகம் அது என்று நாற்பது வருடம் சொல்லித் திரிந்தேன்.

நீங்கள் குழுவில் சிரித்து ஒரு கிழமைக்குள் அவருடைய மகள் என் பெயரை வைத்துத் தேடி, நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வந்தார். எழுபதை நெருங்கும் பெண். என் பெயரைச் சொன்னார், பிழையில்லாமல், முழுதாக. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலை முடிந்ததும் எதிரே இருந்த பேக்கரியில் இருந்தோம். கோப்பி ஆறிப்போனது, அவர் தொடவில்லை. தந்தையின் கடதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது கிடைத்தது என்று ஒரு கோவையைத் திறந்தார்.

முதலில் அச்சடித்த ஒரு சின்னத் தாள், பெட்டியில் ஒட்டுவதற்கானது. அதில் இரண்டு பெயர்கள். இரண்டாவது என்னுடையது.

அதற்குக் கீழே ஒரு கடிதம். நல்ல டொச், அந்த மொழிபெயர்ப்பு அண்ணையின் டொச். எங்கள் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வேலை செய்ய வரவில்லை, உங்கள் ஆட்டத்துக்கும் அவளுக்கும் தொடர்பில்லை என்று தொடங்கியது. அவளுடைய பெயரை எங்காவது போட்டால், அவளோடு இனி ஒரு வார்த்தை பேசினால், தனியே வாழும் ஆண் ஒருவர் பத்து வயதுப் பெண்பிள்ளையை நிலவறைக்குக் கூப்பிட்டு என்ன செய்தார் என்று பொலிசில் சொல்ல வேண்டிவரும் என்று முடிந்தது. கீழே ஆறு கையொப்பங்கள். முதலாவது அப்பாவுடையது, தமிழில். மற்ற ஐந்தும் உங்கள் அப்பாமாருடையவை. பெயர்கள் தெளிவாகத் தெரிகின்றன.

கடிதத்தைத் திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

"நான் ஒன்றுதான் கேட்க வந்தேன்," என்றார் மகள். "என் தந்தை உங்களுக்கு ஏதாவது செய்தாரா?"

"இல்லை! ஐயோ, இல்லை. ஒருநாளும் இல்லை," என்றேன். கதவைத் திறந்து வைத்திருந்ததைச் சொன்னேன், அம்மா இருந்த கதிரையைச் சொன்னேன், தெருவில் நின்று நான் கத்தியதையும் சொன்னேன். அவர் அழுதார். ஆனால் அழுகை முடிந்ததும் அவருடைய முகத்தில் நிம்மதி வரவில்லை.

"என் பிள்ளைகள் பிறந்தபோது அவர் அவர்களைத் தனியே தூக்கமாட்டார்," என்றார். "அறையில் வேறு யாராவது இருக்க வேண்டும். நிலவறையைப் பூட்டிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வயரைக்கூடக் காட்டவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். உங்களை நம்பத்தான் ஆசை. ஆனால் நீங்கள் அப்போது பிள்ளை, பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். இதை எழுதியவர்கள் பெரியவர்கள். அவர்களில் ஒருவர், பொய் என்று சொன்னால் போதும்."

அடுத்த நாளே ஸ்டுட்கார்ட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு எண்பத்திநான்கு. கடிதத்தின் பிரதியை மேசையில் வைத்தேன்.

"இது உங்கட கையெழுத்தோ, அப்பா?"

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஓம், என்ரதான்."

"ஏன் இப்பிடி எழுதினனீங்கள்?"

"உன்ர பேர் பெட்டியிலை வந்தால், பிள்ளையை வேலைக்கு விட்டிட்டினம் எண்டு கேஸைத் தள்ளிப்போடுவாங்கள் எண்டு அண்ணை சொன்னவர். உன்னாலை ஆறு குடும்பமும் திரும்பிப் போறதோ?"

"ஏலாது எண்டு தாளைத் திருப்பிக் குடுத்திருக்கலாமே. பொலிஸ் கதை என்னத்துக்கு?"

"சும்மா ஏலாது எண்டால் அந்தாள் விடாது. நியாயம், உன்ர பேர் எண்டு திரும்பத் திரும்ப வந்திருக்கும்."

"அவர் கூடாதவர் எண்டு நினைச்சனீங்களோ?"

"சீச்சீ! தங்கமான மனுசன்," என்றார் அப்பா. "அதாலைதானே அப்பிடி எழுதினனாங்கள். கூடாதவன் எண்டால் வழக்குக்கு வந்திருப்பான்."

நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் தோளில் சுமந்து எல்லை தாண்டிய முகம். நான் அழுத அழுகையை நாற்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்த முகமும் அதுதான். அம்மாவும் தெரிந்துதான் இருந்திருக்கிறார். என் கன்னத்தில் விட்ட ஓர் அறையோடு நிறுத்திக்கொண்டு, சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அம்மா மேலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஏமாற்றியவர்களுக்கு வயதாகிவிட்டால் மன்னித்துவிட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்ல வராதீர்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் டொச்சில் மூன்று வரி எழுதினேன். கடிதத்தில் சொன்னது பொய். அவர் எங்கள் பிள்ளைக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. பயத்தால் அப்படி எழுதினோம். தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் அப்பா தலையாட்டினார். "சரிதான். உண்மைதான்," என்றார். பேனையை நீட்டினேன்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "கையெழுத்து மட்டும் கேளாதை, பிள்ளை. கடதாசி எங்கை போய் நிக்குமோ தெரியாது."

எவ்வளவோ சொன்னேன். உங்களுக்கு டொச் பாஸ்போட் இருக்குது அப்பா, உங்களை ஆர் இனி அனுப்பப் போகினம் என்று கேட்டேன். அசையவில்லை. தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கையொப்பம் வைத்த ஆறு பேரில் மூன்று பேர் போய்விட்டார்கள். என் அப்பா வைக்கமாட்டார். மிச்சம் இரண்டு பேர். யார் யாருடைய அப்பாமார் என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதே தாளோடு உங்கள் வீடுகளுக்கு வருகிறேன். அப்பாவுக்குச் சுகமில்லை என்று மட்டும் எனக்குச் சொல்லிவிடாதீர்கள்.